அழுதுவிட்டு எழுகிற புத்தகங்கள்: காரைக்குடியில் ஒரு வாடகை நூல் நிலையம்

காரைக்குடியில் செக்காலை சாலையிலிருந்து பிரியும் தெருக்களுள் ஒன்றில், பழைய நகரத்தார் வீடொன்றின் முகப்பை ஒட்டிய நீண்ட அறையில், பெண்களுக்கென்று ஒரு வாடகை நூல் நிலையம் நடந்துவருகிறது. அங்கே கதைப் புத்தகங்கள் மட்டுமே உண்டு. சமையல் குறிப்பு, ஜோதிடம், போட்டித் தேர்வு வழிகாட்டி எதுவும் கிடையாது. பெயர்ப்பலகையும் கிடையாது. நடத்துகிற ஆச்சி எழுபது வயதைக் கடந்தவர். தம் பெயரையும் வீட்டு எண்ணையும் எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் அவற்றை இங்கே தரவில்லை. அந்தப் பக்கத்துப் பூக்கடையில் ‘ஆச்சி வீட்டு லைப்ரரி’ என்று கேட்டாலே வழி சொல்லிவிடுவார்கள். துன்பப்பட்ட பெண்களையும் சிறுமிகளையும் பற்றிய கதைகளை, இன்று துன்பத்தில் இருக்கும் பெண்களின் கையில், அவரவர்க்கு ஏற்றது எது என்று பார்த்துக் கொடுக்கும் வேலையை இவ்வளவு கருத்தாகச் செய்கிற வேறோர் இடத்தை நான் செட்டிநாட்டில் கண்டதில்லை. அதனாலேயே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

விதிமுறைகள் எளியவை. முன்பணம் 200 ரூபாய். விலகும்போது முழுவதையும் திருப்பித் தந்துவிடுகிறார். மெல்லிய புத்தகத்துக்கு வாரம் 5 ரூபாய், தடித்ததற்கு 10 ரூபாய். பேறுகாலத்துக்குத் தாய்வீடு வந்த பெண்ணுக்கும் தேர்வு எழுதும் மாணவிக்கும் தாமதக் கட்டணம் இல்லை. பேரேட்டில் உறுப்பினரின் பெயருக்கு நேரே புத்தகத்தின் எண் மட்டுமே எழுதப்படுகிறது. அந்த எண் எந்தத் தலைப்புக்குரியது என்பது வேறொரு நோட்டில் இருக்கிறது. அந்த நோட்டு ஆச்சியின் மேசை இழுப்பறையை விட்டு வெளியே வருவதில்லை. ஒவ்வொரு புத்தகத்துக்கும் பழைய மாதக் காலண்டர் தாளால், வெள்ளைப் பக்கம் வெளியே தெரியும்படி, அட்டை போடப்பட்டிருக்கிறது. வீட்டில் யாராவது “இது என்ன கதை?” என்று வாங்கிப் புரட்டிப் பார்க்கும் நிலையில் வாழ்கிற பெண்ணுக்கு அந்த வெள்ளைத் தாளும் தலைப்பில்லாத பேரேடும் எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதை அங்கே வருபவர்கள் தாமாகவே சொல்கிறார்கள். அரசு நூலகங்கள்கூட இந்த ஏற்பாட்டை நினைத்துப் பார்க்கலாம்.

பிற்பகல் மூன்று மணிக்குத் திறந்து ஆறரை மணிக்கு அடைக்கிறார். வீட்டில் முறுக்கும் மாவுருண்டையும் சீப்புச்சீடையும் சுட்டுக் கடைகளுக்குக் கொடுப்பவர்கள், கண்டாங்கிச் சேலை நெய்யும் குடும்பத்துப் பெண்கள், பனையோலைக் கொட்டான் முடைபவர்கள், நர்சிங் மாணவியர், பிள்ளைகளெல்லாம் வெளிநாட்டில் இருக்கப் பெரிய வீட்டில் தனியே வாழும் ஆச்சிமார்கள் என்று பலதரப்பட்டவர்கள் வருகிறார்கள். இடுப்பில் குழந்தையோடு வந்த இளம்பெண் ஒருத்தி, “ஆச்சி, அழுகை வராத புத்தகமாக் குடுங்க. வீட்ல அழுகுறதே போதும்” என்றாள். ஆச்சி அவள் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “அழுதா என்ன ஆத்தா? அழுதுட்டு எந்திரிக்கிற புத்தகமாத் தாரேன், கொண்டு போ” என்றார்.

இந்த நூல் நிலையத்தின் தனித்தன்மை முழுவதும் அந்த ஒரு பதிலில் இருக்கிறது. பெண்படும் பாட்டைச் சொல்லும் கதைகளில் பல, வாசிப்பவளைச் சற்று நேரம் தன் வீட்டை மறந்திருக்கச் செய்கின்றன. வேறு பல, பொறுத்துப் போனால் நல்ல காலம் வரும் என்று அவளைத் தேற்றுகின்றன. இவ்விரண்டு வகையையும் ஆச்சி மறுப்பதில்லை, வாசலுக்கு அருகிலுள்ள அலமாரிகளில் அவை வரிசையாக இருக்கின்றன. ஆயினும் அவர் தாமாக எடுத்துக் கொடுப்பது, துன்பத்துக்கு ஆளானவள் தனக்கு நடந்ததைத் தன் கண்ணால் பார்த்து, அதற்கு யார் பொறுப்பு என்று தெரிந்துகொண்டு, சிறியதாக ஓர் அடியேனும் எடுத்துவைக்கிற கதைகளை. அவள் கடைசியில் ஜெயித்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. பெண்ணுக்குக் கதை தரும் வலு அவளுடைய துக்கத்துக்கு ஒரு பெயரும் ஒரு காரணமும் கிடைப்பதிலிருந்தே தொடங்குகிறது என்று நானும் நம்புகிறேன். அந்த நம்பிக்கையின்படி புத்தகம் தேர்ந்தெடுக்கிற ஒருவரைக் கண்டது எனக்குப் பெரிய ஆறுதல்.

உள் அலமாரியின் முதல் தட்டில், 1903இல் வெளிவந்த அ. மாதவையாவின் ‘முத்துமீனாட்சி’யின் மறுபதிப்பு இருக்கிறது. 1892இல் ‘சாவித்திரி சரித்திரம்’ என்ற பெயரில் ‘விவேக சிந்தாமணி’ இதழில் தொடராகத் தொடங்கி இடையில் நின்றுபோன கதை அது. சிறுவயதில் மணம் செய்விக்கப்பட்டுக் கைம்பெண்ணாகிற ஒரு பெண் தன் வாழ்க்கையைத் தானே சொல்லிப் போவதும், அவளுக்கு மறுமணம் நடப்பதும் அன்றைய தமிழ் வாசகருக்கு எப்படி இருந்திருக்கும் என்று இன்று நம்மால் முழுவதும் ஊகிக்க முடியாது. அதை எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் ஆச்சி ஒரு செய்தியைச் சேர்த்துச் சொல்கிறார்: 1930களில் இதே காரைக்குடியிலிருந்து, சொ. முருகப்பாவின் முயற்சியால், ‘மாதர் மறுமணம்’ என்ற பெயரிலேயே ஓர் இதழ் வெளிவந்தது. ‘கொண்டு விற்க’, அதாவது வணிகம் செய்ய, பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போன ஆண்களுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த பெண்களும், இளமையிலேயே வெள்ளைச் சேலைக்கு மாறியவர்களும் நிறைந்திருந்த ஊரில் அப்படியோர் இதழ் நடந்தது என்பதைக் கேட்டதும், மறுமணத்தைப் பற்றி வாய்திறக்கத் தயங்கும் பெண்கள் சிலர் அந்தப் புத்தகத்தைக் கையில் வாங்குகிற விதமே மாறிவிடுவதைப் பார்த்தேன்.

அடுத்து ராஜம் கிருஷ்ணன். பதினைந்து வயதில் மணமாகி, கல்லூரிப் பக்கம் போகாமல், தாம் எழுதவிருக்கும் மக்களிடம் நேரில் போய்த் தங்கி எழுதியவர் என்பதால் அவரிடம் ஆச்சிக்குத் தனி மதிப்பு. ‘கரிப்பு மணிகள்’ தூத்துக்குடி உப்பளங்களைப் பற்றியது. வேலைக்குப் போகிற பொன்னாச்சியின் வழியாக, உப்பு நீரில் நின்று நின்று கால் வெடித்த பெண்களையும், கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு அவர்களின் உடல்மீதும் உரிமை கொண்டாடுகிற ஆண்களையும் நாம் பார்க்கிறோம். இங்குள்ள ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டையிலும் கோடு போட்ட தாள் ஒன்று ஒட்டப்பட்டிருக்கிறது. படித்து முடித்தவர்கள் பெயர் போடாமல் ஓரிரு வரி எழுதலாம். ‘கரிப்பு மணிக’ளின் தாளில் பென்சிலால் எழுதிய ஒரு வரி இருக்கிறது: “சூளையில எங்க அம்மா காலும் இப்படித்தான் இருக்கும்.” எழுத்து சாய்ந்து, கடைசிச் சொல் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில், நீல மையில், “உங்கம்மாவுக்கு விளக்கெண்ணெயும் மஞ்சளும் குழைச்சுப் போட்டு விடுங்க” என்று இருந்தது. செங்கல் சூளைக்காரியின் மகளும் யாரென்று தெரியாத இன்னொருத்தியும், கடற்கரை ஊர் ஒன்றின் கதைக்குப் பின்னால், காலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எத்தனையோ விமரிசனக் கட்டுரைகள் ஒரு நாவலைப் பற்றிச் சொல்லாததை அந்த இரண்டு வரிகள் எனக்குச் சொல்லின.

பாமாவின் ‘சங்கதி’யை நர்சிங் மாணவியர் கைமாற்றிக்கொண்டே இருப்பதால் அது அலமாரியில் தங்குவதே அரிது. 1994இல் வந்த நூல். அதில் விறகு பொறுக்கப் போன மாரியம்மா, தாகத்துக்குத் தண்ணீர் குடிக்க பம்புசெட்டுக்குப் போகிறாள். நிலத்துக்காரர் அவளைப் பிடித்து இழுக்கிறார். தப்பி ஓடிவந்தவள்மீதே அவர் பழி போடுகிறார். ஊர்க்கூட்டம் அவளுக்கு 200 ரூபாய் தண்டம் விதிக்கிறது, அவளோடு சேர்த்துப் பேசப்பட்டவனுக்கோ 100 ரூபாய்தான். ஆச்சியிடம் உள்ள பிரதியில் அந்தப் பக்கம் மட்டும் சிவப்பு, பச்சை, கறுப்பு என்று பல நிற மைகளில் அடிக்கோடிடப்பட்டுத் தாளே நைந்துபோயிருக்கிறது. மற்ற எந்தப் புத்தகத்திலும் கோடு போட்டால் கடிந்துகொள்ளும் ஆச்சி அந்த ஒரு பக்கத்தை விட்டுவிட்டார். தண்டத் தொகையின் அந்த வேறுபாட்டைக் கண்டு கோபப்படுவதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தங்கள் வீட்டிலும் விடுதியிலும் வேலையிடத்திலும் அதே கணக்கு நடப்பதை அந்த மாணவியர் அறிவார்கள். அதே நூலில் தீப்பெட்டி ஆலைக்கு வேலைக்குப் போகும் சிறுமி மைக்கண்ணியைப் படித்தவர்களுக்கு, சிவகாசிப் பக்கத்துக் குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றிய ராஜம் கிருஷ்ணனின் ‘கூட்டுக்குஞ்சுக’ளை அடுத்ததாகக் கொடுக்கிறார். இப்படி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கைபிடித்து நடத்துவதற்குப் புத்தகங்களைப் படித்திருந்தால் மட்டும் போதாது, எதிரே நிற்பவளையும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ 2004இல் வெளிவந்தது. எங்கள் பகுதிக்கு வடமேற்கே துவரங்குறிச்சியில் வளர்ந்து, பருவமடையும் வயதில் பள்ளிப் படிப்பு நிறுத்தப்பட்டு, பின்னாளில் பேரூராட்சித் தலைவராகவும் இருந்தவர் எழுதியது. சிறுமி ராபியாவின் கண்ணுக்குத் தெரிகிற பெரியவர்களின் உலகமும், வீட்டுக்குள்ளேயே முடிந்துபோகிற பெண்களின் ஆசைகளும் எந்த மறைப்பும் இன்றி அதில் பேசப்படுகின்றன. இதைக் கேட்டு வருபவர்களில் எல்லாச் சமூகத்துப் பெண்களும் உண்டு. ஆச்சி இதை எல்லோருக்கும் உடனே கொடுப்பதில்லை. “இன்னும் ரெண்டு புத்தகம் படிச்சுட்டு வாங்க” என்று சிலரிடம் சொல்லிவிடுகிறார். வயதை மட்டும் பார்த்து அப்படிச் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் வயதைப் பார்க்கவில்லை, வீட்டில் அந்த நேரம் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று பார்க்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. இருந்தாலும், வாசகிக்கு எது தாங்கும் எது தாங்காது என்பதை இன்னொருவர் தீர்மானிப்பதில் எனக்குச் சிறு உறுத்தல் இருக்கத்தான் செய்கிறது.

அறையின் கோடியில் இருக்கும் பீரோவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வார, மாத இதழ்களில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, காலிகோ துணி ஒட்டிப் பைண்டு செய்து வைத்திருந்த வீடுகள் செட்டிநாட்டில் ஏராளம். வீடுகள் விற்கப்படும்போதும் இடிக்கப்படும்போதும் தேக்குத் தூணுக்கும் பெல்ஜியம் கண்ணாடிக்கும் விலை பேச ஆள் வருவதுபோல் அந்தப் பைண்டுகளுக்கு யாரும் வருவதில்லை. ஆச்சி அவற்றைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். பக்கத்திலுள்ள கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் வாழ்நாளெல்லாம் இப்படித் தேடிச் சேர்த்தவையே, சென்னையில் 1994இல் அவர் பெயரால் அமைந்த ஆராய்ச்சி நூலகத்துக்கு அடித்தளமாயின என்பதை நினைத்தால், இந்த மண்ணில் இது புதிய வழக்கமில்லை.

அந்தப் பைண்டுகளுக்குள் 1925 முதல் வை. மு. கோதைநாயகி நடத்திய ‘ஜகன்மோகினி’ இதழின் உதிரிப் பக்கங்களும் உண்டு. ஐந்து வயதிலேயே மணமுடிக்கப்பட்டு, பள்ளிக்கூடமே போகாமல், முதல் படைப்பைத் தாம் சொல்லத் தோழியை எழுதச் செய்தவர் பின்னர் நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார், பத்திரிகை நடத்தினார், விடுதலைப் போரில் சிறைக்கும் போனார். “எனக்குப் படிப்பு இல்லையே ஆச்சி” என்று தயங்கி நிற்பவர்களிடம் ஆச்சி நீட்டுகிற முதல் தாள் பெரும்பாலும் அந்த இதழின் ஒரு பக்கமாக இருக்கிறது.

பைண்டுகளில் பலவற்றுக்குக் கடைசி அத்தியாயம் இல்லை. கறையான் தின்றது பாதி, யாரோ எடுத்துப் போனது பாதி. அப்படிப்பட்ட கதைகளின் முடிவை, முன்பு படித்தவர்களிடம் கேட்டு, ஆச்சி கோடு போட்ட தாளில் தம் கையால் எழுதி இறுதியில் சேர்த்துத் தைத்திருக்கிறார். மேலே சிவப்பு மையில், “நினைவிலிருந்து எழுதியது. வேறு மாதிரி நினைவிருப்பவர்கள் சொல்லவும்” என்ற குறிப்பு. ஒரு கதைக்கு இரண்டு முடிவுகள் தைக்கப்பட்டிருந்தன. ஒருவருடைய நினைவில் கதாநாயகி கணவன் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறாள்; மற்றொருவருடைய நினைவில் அவள் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறுகிறாள். இரண்டையும் சொன்னவர்கள் ஒரே தெருவில் வாழ்ந்து மறைந்த பெண்கள் என்றும், இருவருக்கும் கதை அப்படித்தான் முடிந்தது என்பதில் சந்தேகமே இருக்கவில்லை என்றும் ஆச்சி சொன்னார். அச்சில் எது வந்தது என்று தேடிக் கண்டுபிடிக்க முடியும்; ஆனாலும் மெஷினோடு பேருந்து ஏறிய கதையை ஐம்பது ஆண்டுகள் மனத்துக்குள் வைத்திருந்த பெண்ணுக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்பதே என்னை அதிகம் யோசிக்க வைத்தது. இந்தக் கையெழுத்துப் பக்கங்களுக்காக மட்டுமே வெளியூரிலிருந்து ஒருமுறை வந்து பார்க்கலாம்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். வாசலருகே உள்ள குடும்ப நாவல்களில் ஒரு பெருந்தொகை, கொடுமைக்கார மாமியாரையும் குடிகாரக் கணவனையும் முந்நூறு பக்கங்களுக்கு உள்ளபடியே காட்டிவிட்டு, கடைசிப் பத்துப் பக்கங்களில் அவளுடைய பொறுமையைக் கண்டு எல்லோரும் திருந்திவிட்டதாக முடிகின்றன. வீட்டில் அடி வாங்குகிற பெண்ணிடம் அந்த முடிவு, “இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்” என்று சொல்வதற்குச் சமம். இதைப் படித்துத்தான் பலர் வாசிப்புக்குள் வருகிறார்கள், நுழைவாயிலை அடைக்கக் கூடாது என்பது ஆச்சியின் வாதம். அதை நான் மதிக்கிறேன். ஆனால் அவற்றின் பின்னட்டைத் தாள்களில் எழுதப்பட்டிருக்கும் “எனக்கும் இப்படி ஒரு நாள் வரும்” என்ற வரிகளைப் படித்தபோது மனம் கனத்தது. அந்த அலமாரியையும் உள் அலமாரியையும் கலந்து அடுக்கினால் நல்லது என்று சொல்லியிருக்கிறேன்.

பன்னிரண்டு முதல் பதினாறு வயது வரையுள்ள சிறுமிகளுக்கான தட்டு மிகவும் மெலிந்திருக்கிறது. இது ஆச்சியின் குற்றமன்று. அந்த வயதுப் பெண்ணை நடுவில் வைத்து, அவளுக்குப் புரியும்படியும் அவளை ஏமாற்றாமலும் எழுதப்பட்ட தமிழ்க் கதைகள் குறைவு. அங்கே எனக்குப் பிடித்தது, ஆஷாபூர்ணா தேவியின் வங்க நாவல் ‘முதல் சபதம்’ என்ற பெயரில் தமிழில் கிடைப்பது. எட்டு வயதில் மணமான சத்தியவதி தானாக எழுத்துக் கற்றுக்கொள்வதும், தனக்குத் தெரியாமல் தன் மகளுக்குச் சிறுவயதிலேயே மணம் முடித்துவிட்டார்கள் என்று அறிந்ததும் வீட்டைவிட்டே வெளியேறுவதும் பெரியவர்களுக்கான கதைதான் என்றாலும், பள்ளி முடிக்கும் முன்பே வீட்டில் மாப்பிள்ளைப் பேச்சு எழுகிற பெண்கள் அதை ஒரே மூச்சில் படித்துவிட்டுத் திருப்பித் தருகிறார்கள். தடித்த புத்தகம் என்றாலும் மாணவியரிடம் அதற்கு 5 ரூபாய்தான் வாங்குகிறார்.

செட்டிநாட்டுப் பெண்களின் சொந்தத் துன்பத்தைச் சொல்லும் கதைகளைத் தேடி வருபவர்களுக்கு அலமாரி அதிகம் தருவதில்லை. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது அங்கிருந்து பணமும் கடிதமும் நின்றுபோய், வெள்ளிப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக விற்று, வளவில் (முற்றத்தைச் சுற்றிய வீட்டின் உட்பகுதியில்) குழந்தைகளை வளர்த்த பெண்களைப் பற்றி, தம் மாமியார் சொல்லக் கேட்டதை ஆச்சி நன்றாகவே சொல்கிறார். அதை எழுதி அந்தத் தட்டில் வைக்கும்படி நான் வற்புறுத்தினேன். “எனக்கு எழுத வராது, சொல்லத்தான் வரும்” என்றார். கோதைநாயகியை எடுத்துக்காட்டாகச் சொல்லும் அவரே இப்படிச் சொல்வதை நான் ஏற்கவில்லை. யாரேனும் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ள வேண்டும்.

மற்றவை சிறிய குறைகள். நூற்பட்டியல் இல்லாததால் ஆச்சியின் நினைவையே நம்ப வேண்டியிருக்கிறது. முகப்புப் படிகள் உயரம். மூட்டுவலி உள்ளவர்கள் கீழேயே நின்று குரல் கொடுத்தால் புத்தகத்தை இறக்கிக் கொண்டுவந்து தருகிறார். பழைய பதிப்புகளின் எழுத்து பொடியாக இருக்கிறது, பூதக்கண்ணாடி ஒன்று மேசையில் கயிற்றில் கட்டியிருக்கிறது.

நேரம்தான் உண்மையான சிக்கல். ஜவுளிக்கடைகளில் நாளெல்லாம் நின்றபடி வேலை செய்து, இரவு கடை அடைத்த பிறகு விடுதிக்குத் திரும்பும் பெண்களுக்குப் பிற்பகல் மூன்று மணி என்பது கைக்கெட்டாத நேரம். இந்தக் கதைகள் யாருக்கு மிகவும் தேவையோ அவர்களில் ஒரு பகுதியினர் இதனால் வெளியே நிற்கிறார்கள். அவர்களுக்காக வாரத்தில் ஒரு நாள் காலை எட்டு மணிக்குத் திறக்க முடியுமா என்று கேட்டேன். காலையில் பேரேடு எழுத உதவிக்கு ஓர் ஆள் இருந்தால் திறக்கத் தயார் என்றார். காரைக்குடியில் படிக்கும் கல்லூரி மாணவியர் யாருக்கேனும் காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுமானால், வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாள்களில் மூன்று மணிக்கு மேல் நேரில் போய்ச் சொல்லலாம்; சம்பளம் கிடையாது, புத்தகங்களுக்கு வாடகையும் கிடையாது.